ஏன் 35 நாள்? கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு



நான்காம் படிவ மாணவி ஒருத்தி பாடம் முடிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றாள். “டீச்சர், எங்க தாத்தாவுக்குத் தொண்டையில புற்றுநோய். கதிர்வீச்சு கொடுக்கிறாங்க. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தினமும் போகணும். மொத்தம் 35 நாள். மெஷின்ல படுக்கிறது கொஞ்ச நேரம்தான், ஆனா போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். எல்லாத்தையும் ஒரே நாள்ல கொடுத்து முடிச்சா என்ன டீச்சர்?”

கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றையும் சொன்னாள். “இப்ப 25 நாள் முடிஞ்சிருச்சு. கட்டி கரைஞ்சு போச்சு, கைக்கே தட்டுப்படலைன்னு தாத்தா சொல்றாரு. வாயெல்லாம் புண்ணு. மிச்சம் பத்து நாளைக்குப் போக மாட்டேன்னு அடம் பிடிக்கிறாரு.”

இரண்டு கேள்விகள்: ஏன் ஒரே நாளில் முடிக்கக்கூடாது? கட்டி கரைந்த பிறகும் ஏன் தொடர வேண்டும்? இரண்டுக்கும் பதில் கணக்கில் இருக்கிறது. அடுக்குகள், விழுக்காடு, இருபடிச் சமன்பாடு ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

ஒரு கிரே என்பது எவ்வளவு?

கதிர்வீச்சின் அளவை ‘கிரே’ என்ற அலகால் அளக்கிறார்கள். பிரிட்டிஷ் இயற்பியலாளர் லூயி ஹெரால்டு கிரேயின் பெயரால் வந்த அலகு இது. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே. தொண்டைப் புற்றுநோய்க்குப் பல இடங்களில் கொடுக்கும் வழக்கமான அளவு, நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 35 நாளுக்கு மொத்தம் 70 கிரே.

2 கிரே என்றால் உடம்பு வெந்துவிடுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 4,200 ஜூல் வேண்டும். 2 ஜூல் கொடுத்தால் ஏறும் வெப்பம் 2 ÷ 4,200, அதாவது ஏறக்குறைய 0.0005 டிகிரி. நெற்றியில் கை வைத்தால் தெரியாத சூடு. ஆகவே கதிர்வீச்சு புற்றுநோயைச் சுட்டுக் கொல்வதில்லை.

அது தாக்குவது உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை. டி.என்.ஏ. முறுக்கிய ஏணி போன்றது, இரண்டு இழைகள் கொண்டது என்று படித்திருப்பீர்கள். ஓர் இழை மட்டும் அறுந்தால், எதிர் இழையைப் பார்த்து உயிரணு அதைச் சரிசெய்துகொள்ளும். இரண்டு இழைகளும் அருகருகே அறுந்தால் பழுது பார்ப்பது கடினம். அந்த உயிரணு தொடர்ந்து பிரிந்து பெருகும் திறனை இழந்துவிடலாம். பெருக முடியாத புற்றணு இறந்ததற்குச் சமம்.

பாதி, பாதியில் பாதி

இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஒரு கிராம் எடையுள்ள கட்டியில் ஏறக்குறைய 100 கோடி உயிரணுக்கள் இருக்கும் என்பது மருத்துவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மதிப்பீடு. அதாவது ஒரு பில்லியன். ஒரு நாள் கொடுக்கும் 2 கிரேயில் பாதி புற்றணுக்கள் அழிகின்றன, பாதி பிழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கட்டிகளும் இப்படி நடந்துகொள்வதில்லை. ஆனாலும் கணக்கைத் தொடங்க இது நியாயமான எண்.

இங்கே கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் அழிவது ஒரே எண்ணிக்கை அல்ல, ஒரே விகிதம். சதுரங்கக் கட்டத்தில் நெல்மணியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும் கதை உங்களுக்குத் தெரியும். இது அதே கதை, பின்னோக்கி நடக்கிறது.

2-இன் 10-ஆம் அடுக்கு 1,024. ஆகவே பத்து நாளில் உயிரணுக்கள் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகின்றன.

தொடக்கத்தில்: 100 கோடி
10 நாள் முடிவில்: ஏறக்குறைய 10 லட்சம்
20 நாள் முடிவில்: ஏறக்குறைய 1,000
25 நாள் முடிவில்: ஏறக்குறைய 30
30 நாள் முடிவில்: ஏறக்குறைய 1

25-ஆம் நாளில் தாத்தாவின் தொண்டையில் கட்டி தட்டுப்படாததில் வியப்பில்லை. முப்பது உயிரணுக்களைக் கையால் தொட்டு உணர முடியாது. எந்த ஸ்கேனிலும் பார்க்க முடியாது. ஆனால் அவை இருக்கின்றன. முழுக் கட்டியும் ஒரு காலத்தில் மிகச் சில உயிரணுக்களிலிருந்துதானே வளர்ந்தது?

ஒன்றே ஒன்று மிஞ்சினால்?

30 நாளில் சராசரியாக ஓர் உயிரணுதான் மிஞ்சுகிறது. அப்படியானால் சிகிச்சை முடிந்ததா? இந்தக் கேள்வியை நிகழ்தகவால் பார்க்க வேண்டும்.

இதே நிலையில் 100 நோயாளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்குச் சராசரி ஒன்று என்றால், மொத்தம் 100 உயிரணுக்கள் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அவை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்டு உட்காராது. ஒருவரிடம் இரண்டு இருக்கும், இன்னொருவரிடம் மூன்று இருக்கும், சிலரிடம் ஒன்றுமே இருக்காது. ஒரு குறிப்பிட்ட உயிரணு உங்களிடம் இல்லாமல் இருக்க வாய்ப்பு 100-இல் 99. நூறு உயிரணுக்களும் உங்களிடம் இல்லாமல் இருக்க வாய்ப்பு, 0.99-ஐ நூறு தடவை பெருக்கினால் வரும் எண். கால்குலேட்டரில் தட்டுங்கள்: ஏறக்குறைய 0.37.

ஆகவே 30 நாளில் நிறுத்தினால், இந்தக் கணக்கின்படி 100 பேரில் 37 பேருக்குத்தான் கட்டி முற்றிலும் அழிந்திருக்கும்.

இன்னும் மூன்று நாள் சேர்த்தால் சராசரி 1-இலிருந்து எட்டில் ஒன்றாகும். நூறு பேருக்கும் சேர்த்து 12 அல்லது 13 உயிரணுக்கள்தான் மிச்சம். ஏறக்குறைய 88 பேர் தப்பிக்கிறார்கள். 35-ஆம் நாளில் சராசரி 32-இல் ஒன்று. நூறு பேருக்கும் சேர்த்து மூன்றே உயிரணுக்கள். 97 பேர் தப்பிக்கிறார்கள்.

முதல் ஐந்து நாளில் சுமார் 97 கோடி உயிரணுக்கள் அழிகின்றன. கடைசி ஐந்து நாளில் அழிவதோ ஆளுக்கு ஒன்றுதான். ஆனால் 37-ஐ 97 ஆக்குவது அந்தக் கடைசி ஐந்து நாள்!

உண்மையில் எல்லாரும் இப்படிக் குணமடைவதில்லை. கட்டியின் நடுவே ஆக்சிஜன் குறைந்த இடங்களில் இருக்கும் உயிரணுக்கள் கதிர்வீச்சை அதிகம் தாங்கும். சிகிச்சை நடக்கும்போதே சில புற்றணுக்கள் மீண்டும் பெருகும். அதனால் எங்கள் கணக்கில் வந்த 97-ஐ அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆனால் கடைசி நாள்கள் முதல் நாள்களைப் போலவே முக்கியம் என்ற பாடம் மாறாது.

இரண்டு கயிற்று ஊஞ்சல்

இப்போது முதல் கேள்வி. 70 கிரேயை ஏன் ஒரே நாளில் கொடுக்கவில்லை?

கதிர் கட்டிக்கு மட்டும் போவதில்லை. வழியில் இருக்கும் தோல், நரம்பு, முதுகுத் தண்டு எல்லாவற்றையும் கொஞ்சமாவது தொடும். புற்றணுவை அழிக்க வேண்டும். நல்ல உயிரணு பிழைக்க வேண்டும். இரண்டும் ஒரே கதிரால் நடக்க வேண்டும். எப்படி?

இரண்டு கயிற்றில் தொங்கும் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது விழ இரண்டு வழிகள் உண்டு. ஒரே வெட்டில் இரண்டு கயிறும் அறுந்துவிடலாம். அல்லது ஒரு வெட்டு ஒரு கயிற்றையும் வேறொரு வெட்டு மற்றொரு கயிற்றையும் அறுக்கலாம்.

முதல் வகைச் சேதம் கதிர்வீச்சின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அளவு இரண்டு மடங்கானால் சேதமும் இரண்டு மடங்கு. இதன் எண்ணை ‘ஆல்ஃபா’ என்கிறார்கள். இரண்டாம் வகைக்கு இரண்டு தனித்தனி வெட்டுகள் சந்திக்க வேண்டும். அதனால் அது அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. அளவு இரண்டு மடங்கானால் சேதம் நான்கு மடங்கு. இதன் எண் ‘பீட்டா’. இரண்டையும் கூட்டி எழுதுவதுதான் ‘நேர்-இருபடி மாதிரி’. உலகெங்கும் கதிர்வீச்சு மருத்துவர்கள் இன்று பயன்படுத்தும் அடிப்படைக் கணக்கு இதுவே.

ஒரு கயிறு அறுந்தவுடன் யாராவது இரவோடு இரவாக அதை முடிந்துவிட்டால்? மறுநாள் விழும் வெட்டு மறுபடியும் ‘முதல் வெட்டு’ ஆகிவிடும். உயிரணுக்கள் செய்வதும் இதைத்தான். சரிசெய்யக்கூடிய சேதத்தில் பெரும்பகுதியை அவை சில மணி நேரத்திலேயே சரிசெய்துவிடுகின்றன. ஆகவே தவணைகளுக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி விட்டால், பீட்டா வகைச் சேதம் வெகுவாகக் குறைகிறது.

எவ்வளவு குறைகிறது? 10 கிரேயை ஒரே தடவையில் கொடுத்தால் வர்க்கம் 10 × 10 = 100. அதையே 2 கிரே வீதம் ஐந்து நாள் கொடுத்தால் 5 × (2 × 2) = 20. மொத்த அளவு ஒன்றுதான். வர்க்கப் பகுதியோ ஐந்தில் ஒரு பங்கு.

இதனால் நன்மை யாருக்கு? பீட்டா பகுதி யாருக்குப் பெரிதோ அவர்களுக்கு. நரம்பு, முதுகுத் தண்டு போன்ற, மெதுவாகப் பிரியும் நல்ல திசுக்களில் பீட்டாவின் பங்கு பெரிது. வேகமாகப் பிரியும் பெரும்பாலான புற்றணுக்களில் ஆல்ஃபாவின் பங்கே பெரிது. சிறு சிறு தவணையாகக் கொடுத்தால் நல்ல திசு அதிகமாகத் தப்பிக்கும். கட்டி அவ்வளவாகத் தப்பிக்காது.

கணக்கைப் போடுவோம்

மருத்துவ இயற்பியலாளர்கள் பயன்படுத்தும் சூத்திரம் இது:

விளைவு = மொத்த அளவு × (1 + ஒரு தவணையின் அளவு ÷ விகிதம்)

இதில் ‘விகிதம்’ என்பது ஆல்ஃபாவைப் பீட்டாவால் வகுத்தால் வருவது. பெரும்பாலான புற்றுக்கட்டிகளுக்கு 10 கிரே, தாமதமாகப் பாதிப்பைக் காட்டும் நல்ல திசுக்களுக்கு 3 கிரே என்று வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். கட்டிக்கு விளைவு கூடினால் நல்லது. நல்ல திசுவுக்கு விளைவு கூடினால் ஆபத்து.

திட்டம் 1: 2 கிரே, 35 நாள்.
கட்டிக்கு: 70 × (1 + 2 ÷ 10) = 84
நல்ல திசுவுக்கு: 70 × (1 + 2 ÷ 3) = 117

திட்டம் 2: 4 கிரே, 15 நாள்.
கட்டிக்கு: 60 × (1 + 4 ÷ 10) = 84
நல்ல திசுவுக்கு: 60 × (1 + 4 ÷ 3) = 140

மொத்த அளவு 70-இலிருந்து 60 ஆகக் குறைந்திருக்கிறது. கட்டிக்கு அதே 84. ஆனால் நல்ல திசுவுக்கு விளைவு 117-இலிருந்து 140 ஆக ஏறிவிட்டது!

திட்டம் 3: எல்லாம் ஒரே நாளில். கட்டிக்கு அதே 84 வர எத்தனை கிரே வேண்டும்? அந்த அளவை ‘அ’ என்போம். அ × (1 + அ ÷ 10) = 84. சீர்ப்படுத்தினால் அ² + 10அ − 840 = 0. இருபடிச் சமன்பாடு எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்களுக்கு இதோ பதில். தீர்த்தால் அ ஏறக்குறைய 24.4 கிரே. அதை நல்ல திசுவின் சூத்திரத்தில் போடுங்கள்: ஏறக்குறைய 223. திட்டம் 1-ஐவிட இரண்டு மடங்குக்குச் சற்றே குறைவு.

இவ்வளவு பெரிய ஒற்றைத் தவணைக்கு இந்த மாதிரி எவ்வளவு பொருந்தும் என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஆனாலும் எந்தப் பக்கம் ஆபத்து என்பது தெளிவு. தாத்தாவின் கட்டி ஒரே நாளில் அழியலாம். ஆனால் அவருடைய நரம்புகளும் திசுக்களும் பல மாதங்கள், ஆண்டுகள் கழித்து அதற்கு விலை கொடுக்கும்.

ஆட்டுக்கிடாய் சொன்ன பாடம்

இந்த அறிவு ஒரே நாளில் வரவில்லை. 1895-இல் ஜெர்மனியில் ரோண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். விரைவிலேயே அதைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஒரே தடவையில் கொடுப்பதா, பிரித்துக் கொடுப்பதா என்ற வாதம் நீண்ட நாள் ஓடியது.

பாரிஸில் கிளோடியஸ் ரெகோ என்ற அறிஞர் ஆட்டுக்கிடாய்களை வைத்து ஆராய்ந்தார். விந்தகத்தில் உயிரணுக்கள் கட்டியைப் போல வேகமாகப் பிரிகின்றன. அதைச் சுற்றியிருக்கும் தோல் நல்ல திசு. கிடாயை ஒரே தடவையில் மலடாக்கப் பார்த்தால் தோல் கடுமையாகப் புண்ணானது. பல நாள்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது கிடாய் மலடானது, தோலும் தப்பியது. 1920-களில் அதே பாரிஸில் ஹென்றி கூட்டார் இந்த முறையைத் தொண்டைப் புற்றுநோயாளிகளிடம் பயன்படுத்தினார். இன்று அந்தத் தாத்தா படுக்கும் மேசைக்கும் அந்தக் கிடாய்களுக்கும் தொடர்பு இருக்கிறது.

பிறகு சூத்திரங்கள் வந்தன. 1960-களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிராங்க் எல்லிஸ் உருவாக்கிய சூத்திரம் மிகவும் புகழ்பெற்றது. ஆனால் அது தோலில் உடனே தெரியும் பாதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அதை நம்பிக் குறைந்த நாள்களில் பெரிய தவணைகளாகக் கொடுத்தபோது தோல் நன்றாகவே ஆறியது. ஆழத்தில் இருந்த திசுக்களின் பாதிப்போ பின்னாளில் எதிர்பார்த்ததைவிட மோசமாக வெளிப்பட்டது. தவறான சூத்திரம் தேர்வில் மதிப்பெண்ணைத்தான் குறைக்கும். மருத்துவமனையில் அது மனிதரைக் காயப்படுத்தும். ஆல்ஃபா, பீட்டா கணக்கு எல்லிஸின் சூத்திரத்துக்குப் பதிலாக வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

கணக்கு நாள்களைக் குறைத்த கதை

எல்லாப் புற்றுநோய்க்கும் விகிதம் 10 அல்ல. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் மெதுவாக வளரும். அதன் விகிதம் 1.5 அளவுக்குக் குறைவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். அப்படியானால் கணக்கு தலைகீழாக வேண்டும் அல்லவா? போட்டுப் பாருங்கள்.

2 கிரே, 37 நாள்: கட்டிக்கு 173, நல்ல திசுவுக்கு 123.
3 கிரே, 20 நாள்: கட்டிக்கு 180, நல்ல திசுவுக்கு 120.

நாள்கள் குறைகின்றன, கட்டிக்கு விளைவு கூடுகிறது, நல்ல திசுவுக்குக் குறைகிறது. தாளில் இருந்த இந்தக் கணக்கைப் பிரிட்டனில் 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2016-இல் வெளிவந்த முடிவு: 20 நாள் திட்டம் 37 நாள் திட்டத்துக்குச் சளைத்ததல்ல. நோயாளிக்கு 17 பயணங்கள் மிச்சம். மருத்துவமனையில் வரிசையில் காத்திருக்கும் இன்னொருவருக்கு இடமும் கிடைக்கிறது.

எங்கே, எந்தத் திசையில்?

இதுவரை பார்த்தது ‘எவ்வளவு, எத்தனை நாள்’ என்ற கணக்கு. ‘எங்கே’ என்பது இன்னொரு கணக்கு. சிகிச்சைக்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, உடலைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாகக் கணினியில் பிரிக்கிறார்கள். மருத்துவர் கட்டியைச் சுற்றிக் கோடு வரைவார். முதுகுத் தண்டு, உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவற்றையும் தனித்தனியாகக் குறிப்பார். பிறகு நிபந்தனைகள்: கட்டிக்கு 70 கிரே வேண்டும், முதுகுத் தண்டு 45 முதல் 50 கிரேயைத் தாண்டக்கூடாது, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு முடிந்தவரை குறைவாக.

பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை அனுப்பினால், அவை கட்டியில் சந்தித்து அங்கே மட்டும் கூடும். எந்தத் திசையில் எவ்வளவு என்பதைக் கணினி மாற்றி மாற்றிப் பார்க்கிறது. நிபந்தனை மீறப்படும்போதெல்லாம் ‘அபராதப் புள்ளி’ போடுகிறது. மொத்த அபராதம் மிகக் குறைவாக வரும் திட்டத்தைத் தேடுகிறது. கடைசி முடிவை எடுப்பது மருத்துவரும் மருத்துவ இயற்பியலாளரும்தான்.

இடையில் நின்றால்?

கடைசியாக ஒன்று. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில், சிகிச்சை தொடங்கிச் சுமார் நான்கு வாரத்துக்குப் பிறகு மிஞ்சிய புற்றணுக்கள் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன என்று 1988-இல் ரோட்னி வித்தர்ஸும் குழுவினரும் காட்டினார்கள். அதன் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளையும் ஈடுகட்ட ஏறக்குறைய 0.6 கிரே தேவைப்படும் என்பது அவர்கள் மதிப்பீடு. 2-ஐ 0.6-ஆல் வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேல். அதாவது மூன்று, நான்கு நாள் வீட்டில் இருந்துவிட்டால், ஒரு முழு நாள் சிகிச்சை வீணாகிறது. இது பல நோயாளிகளின் சராசரி. ஒவ்வொருவருக்கும் இதே எண் பொருந்தும் என்று சொல்ல முடியாது. விடுமுறையோ இயந்திரப் பழுதோ வந்தால் எப்படி ஈடுகட்டுவது என்பதை மருத்துவர் கணக்கிட்டுச் சொல்வார். நாமாக முடிவெடுக்கக்கூடாது.

அந்த மாணவியிடம் ஒரு தாளில் ‘100 கோடி’ என்று எழுதி, பாதி பாதியாகக் குறைத்துக் காட்டினேன். 25-ஆம் வரியில் 30 என்று வந்தபோது அவள் பேனாவை என்னிடமிருந்து வாங்கி, மிச்சப் பத்து வரியையும் தானே எழுதினாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “தாத்தா கடையில கணக்குப் பார்த்தவரு டீச்சர். இத காட்டினா புரிஞ்சுக்குவாரு. வாய்ப்புண்ணுக்கு என்ன செய்யலாம்னு டாக்டர்கிட்ட நானே கேக்குறேன்” என்றாள்.

இரண்டு வாரம் கழித்து நடைவழியில் என்னைப் பார்த்தவள், “டீச்சர், 35” என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு நாளைக்கு இரண்டு தவணை, தவணைக்கு 1.2 கிரே, மொத்தம் 68 தவணை. இரண்டு தவணைகளுக்கும் நடுவே குறைந்தது 6 மணி நேர இடைவெளி. இது தொண்டைப் புற்றுநோயில் உண்மையாகவே சோதித்துப் பார்த்த திட்டம். கட்டிக்கு விகிதம் 10, நல்ல திசுவுக்கு 3 என்று கொண்டு விளைவுகளைக் கணக்கிடுங்கள். திட்டம் 1-உடன் ஒப்பிடுங்கள். அந்த 6 மணி நேர இடைவெளி எதற்கு என்பதையும் ஊஞ்சலை வைத்து விளக்குங்கள்.

விடை: கட்டிக்கு ஏறக்குறைய 91, நல்ல திசுவுக்கு ஏறக்குறைய 114. இடைவெளிக்கான காரணத்தை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.